முனை ஒடிஞ்சா ராடே போச்சா?

"முனை போச்சா? அப்ப ராடே போச்சு. வேற எடுத்துக்குங்க."

தூண்டில் சாமான் விற்கிற கடைகளில் அடிக்கடி காதில் விழுகிற வாக்கியம் இது. சொல்கிறவர் ராடைக் கையில் வாங்கிக்கூடப் பார்ப்பதில்லை. ஏழடி ராடில் கடைசி ஒன்றரை அங்குலம்தான் இல்லை. மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறது. கைப்பிடி இருக்கிறது, ரீல் மாட்டுகிற இடம் இருக்கிறது, வளையங்கள் வரிசையாக நேராக நிற்கின்றன. ஆனாலும் தீர்ப்பு சொல்லியாயிற்று. கொண்டுவந்தவரும் டாக்டர் கைவிரித்ததைக் கேட்ட சொந்தக்காரர் மாதிரி தலையை ஆட்டிவிட்டு, சுவரில் சாய்த்து வைத்திருக்கும் புது ராடுகளைத் தடவிப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். பழையது பரணுக்குப் போகிறது. அடுத்த பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது பரணிலிருந்து குப்பைக்குப் போகும்.

அந்த வாக்கியம் பொய். கொஞ்சம் நாகரிகமாகச் சொன்னால் சோம்பேறித்தனம். முனை போன ராடு சாகவில்லை. ஒரு லைட்டர், ஒரு பசைக்குச்சி, ஒரு குட்டி வளையம், கால்மணி நேரம். பெரும்பாலான கேஸ்களில் வைத்தியம் இவ்வளவுதான்.

இதே ஆள் வீட்டில் குக்கர் விசில் அடிக்கவில்லை, ஓரத்தில் ஆவி போகிறது என்றால் என்ன செய்வார்? கேஸ்கட் வாங்கிப் போடுவார். "கேஸ்கட் போச்சா, குக்கரே போச்சு" என்று ஒரு பாத்திரக்கடைக்காரர் சொன்னால் அந்தத் தெருவே சிரிக்கும். சைக்கிள் டியூப் பஞ்சரானால் சைக்கிளைத் தூக்கிப் போடுவதில்லை. ஷட்டில் மட்டையில் நரம்பு அறுந்தால் விளையாட்டுச் சாமான் கடையில் கொடுத்து புது நரம்பு இழுத்துக்கொள்கிறார்கள். கிரிக்கெட் மட்டைக்குப் பிடி மாற்றுகிறார்கள். அம்மி தேய்ந்தால் கொத்துவதற்குத் தெருவில் குரல் கொடுத்துக்கொண்டு ஆள் வந்த ஊர் இது. தூண்டில் ராடு என்று வந்ததும் மட்டும் அந்த ஊர்ப்புத்தி எங்கே போனது என்று தெரியவில்லை.

ராடு நம் ஊருக்குப் புதுசு என்பதால் இருக்கலாம். குளத்திலும் வாய்க்காலிலும் மூங்கில் கம்பில் தங்கூஸ் கட்டி, தக்கை போட்டு, மண்புழு கோத்துக் கெழுத்தி பிடித்தவர்களுக்கு இந்தக் குழப்பமே இருந்ததில்லை. மூங்கில் நுனி வெடித்தால் வெட்டுக்கத்தியால் ஒரு சாண் சீவிவிட்டு, கொஞ்சம் கீழே தள்ளித் தங்கூஸைக் கட்டிவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவார்கள். அந்த மூங்கிலுக்குக் காப்பது எப்படியோ அப்படித்தான் கார்பன் ராடுக்கும். நடுவில் பளபளப்பான பெயிண்டும், புரியாத ஆங்கில எழுத்துகளும், ஒரு விலைச்சீட்டும் வந்து சேர்ந்ததில் கைவைக்கவே பயம் வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, முனை எப்படிப் போகிறது? மீன் ஒடித்தது என்று சொன்னால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். பத்து கிலோ கொடுவா இழுத்த இழுப்பில் ஒடிந்தது என்பதில் ஒரு வீரம் இருக்கிறது. உண்மையான குற்றவாளிகளின் பட்டியல் இவ்வளவு கம்பீரமானது இல்லை: கார் கதவு, வீட்டு சீலிங் ஃபேன், பஸ் படிக்கட்டு, ஸ்விவலை முனை வளையத்தில் போய் முட்டுகிறவரை ரீலைச் சுற்றுவது, முள் பாறையில் மாட்டினால் ராடோடு சேர்த்து வெட்டி வெட்டி இழுப்பது. அப்புறம் பிடித்த மீனைக் கையால் எடுக்காமல் ராடை வானத்துக்கு நிமிர்த்திக் கிரேன் மாதிரித் தூக்குவது. ராடு கீழே தடியாகவும் மேலே போகப்போக மெலிசாகவும் இருப்பது பாரத்தைக் கீழ்ப்பக்கம் தாங்கத்தான். செங்குத்துக்கும் மேலே ராடை நிமிர்த்தினால் மொத்தப் பாரமும் அந்த மெலிந்த கடைசி முழத்தில் வந்து விழும். அது ஒடியாமல் என்ன செய்யும்?

(வடசென்னையில் காசிமேட்டிலிருந்து எண்ணூர் பக்கம் போகிற கரையில் அரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கொட்டியிருக்கும் பாறை வரிசைகளுக்கு அரசாங்க பாஷையில் 'தூண்டில் வளைவு' என்று பெயர். கரையோரம் தூண்டில் முனை ஒடிவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. பெயர் வைத்தவருக்குத் தீர்க்கதரிசனம்!)

இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். கார்பன் ராடு அடிபட்ட அன்றைக்கே ஒடிய வேண்டும் என்பதில்லை. ஈயக்குண்டு ஆடிப்போய் ராடில் 'டக்' என்று அடிக்கும். மேலே ஒரு சின்னக் கீறல்கூடத் தெரியாது. உள்ளே நார் அறுந்திருக்கும். ரெண்டு மாசம் கழித்து, ஒரு ஜிலேபி மீன் இழுத்ததும் அந்த இடத்தில் முறியும். உடனே "டூப்ளிகேட் மாலுப்பா" என்று கம்பெனிக்குத் திட்டு. அடித்தது ஈயக்குண்டு, ஆட்டியது இவர் கை.

"முனை போச்சு" என்ற ஒரே வார்த்தைக்குள் மூன்று நான்கு வேறுவேறு வியாதிகள் இருக்கின்றன. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தை எழுதுவதுதான் முதல் அயோக்கியத்தனம்.

ரொம்பச் சாதாரணமானது, ராடு ஒடியவே இல்லை, வளையம்தான் கெட்டது என்பது. முனை வளையத்துக்குள் பீங்கான் மாதிரி ஒரு வழுவழுப்பான உள்வட்டம் இருக்கும். அது கழன்று விழுந்திருக்கும், அல்லது மயிரிழை விரிசல் விட்டிருக்கும். விலை குறைந்த ராடுகளில் வெறும் உலோக வளையம்தான். மண் ஒட்டிய நரம்பு ஓடி ஓடி அதில் பள்ளம் விழுந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஒவ்வொரு தடவை வீசும்போதும் நரம்பைச் செதுக்கிக்கொண்டே இருக்கும். நல்ல மீன் மாட்டியதும் அறுத்துக்கொண்டு போகும். ஆள் நரம்பைக் குறை சொல்லிக்கொண்டு புது நரம்பு வாங்குவார், அதுவும் அறும், மறுபடி வாங்குவார்... கண்டுபிடிக்கக் காலணா செலவில்லை. கொஞ்சம் பஞ்சைத் திரித்து வளையத்துக்குள் விட்டு நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தால் போதும். எங்கேயாவது இழை மாட்டினால் வளையம் காலி என்று அர்த்தம்.

அடுத்தது, வளையத்தோடு சேர்ந்து ராடின் நுனியும் ஒன்று இரண்டு அங்குலம் போனது. கடைக்காரர்கள் சாவுமணி அடிப்பது பெரும்பாலும் இதற்குத்தான். இதுதான் வீட்டிலேயே சரியாகிற கேஸ்.

செய்யும் முறை இதுதான். ஒடிந்த இடம் சிலும்பிக்கொண்டு இருக்கும். அதைச் சமமாக வெட்ட வேண்டும். இந்த இடத்தில்தான் முதல் கொலை நடக்கிறது. கட்டிங் பிளேயரை வைத்து 'நறுக்'. ராடு உள்ளே பொள்ளலான குழாய். பிளேயர் அதை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்திலிருந்து நீளவாக்கில் விரிசல் ஓடும். போன ஒன்றரை அங்குலம் அரையடியாக ஆகும். ஆக்ஸா பிளேடு அல்லது மெல்லிய அரத்தால், ராடை உருட்டிக்கொண்டே சுற்றிலும் கோடு போட்டு மெதுவாக அறுக்க வேண்டும். அப்புறம் உப்புத்தாளில் கொஞ்சம் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர் எதற்கு என்றால், கார்பன் தூளும் கண்ணாடியிழைத் தூளும் மூக்குக்குள் போகக்கூடாது. மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்வது கௌரவக் குறைச்சல் இல்லை.

வளையத்தின் அடியில் ஒரு சின்னக் குழல் இருக்கும். அதன் உள்விட்டமும் ராடு நுனியின் தடிமனும் பொருந்த வேண்டும். மில்லிமீட்டர் கணக்கில் 1.8, 2.0, 2.2 என்று வரும். அமெரிக்கக் கணக்கில் ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி எண் போடுவார்கள். 5 என்றால் 5/64 அங்குலம், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர். இந்தக் கணக்கெல்லாம் தலையைச் சுற்றினால் ராடையே கடைக்குத் தூக்கிப்போய்ப் போட்டுப் பார்த்து வாங்கலாம். நுனி குறைந்தால் அந்த இடம் முன்னைவிடத் தடிமன், ஆகவே பழைய வளையம் நன்றாக இருந்தாலும் நுழையாது, ஒரு அளவு பெரியது வேண்டும். நுழையவில்லையே என்று ராடைச் சீவி மெலிதாக்கும் மேதாவிகள் உண்டு. வெளிப்பக்கத்து நாரைச் சீவினால் பலத்தைத்தான் சீவுகிறார்கள்.

பழைய வளையத்தின் குழல் நுனியில் மாட்டிக்கொண்டிருந்தால் லைட்டரால் அந்த உலோகத்தைச் சில நொடிகள் மட்டும் சூடு காட்டி, துணியால் பிடித்து நேராக இழுக்க வேண்டும். முறுக்கக் கூடாது. தீ ராடின் மேல் படக்கூடாது. நாரைப் பிடித்து வைத்திருப்பதே ரெசின்தான், அது வெந்துபோனால் ராடு உள்ளே வைக்கோல்.

பிறகு பசை. ஃபேன்சி ஸ்டோரில் க்ளூ கன்னுக்குப் போடுகிற குச்சி கிடைக்கிறதே, அதுதான். லைட்டரில் குச்சி முனையை உருக்கி, ராடு நுனியில் மெல்லிசாகப் பூசி, குழலைக் கொஞ்சம் சூடாக்கிச் செருக வேண்டும். செருகிய உடனே ராடின் அடிப்பக்கத்திலிருந்து ஒற்றைக் கண்ணால், துப்பாக்கி குறிபார்ப்பது போல, எல்லா வளையமும் ஒரே கோட்டில் வருகிறதா என்று பார்த்துத் திருப்பிவிட வேண்டும். ஆறியதும் வழிந்த பசையை நகத்தால் பிய்த்தெறியலாம். முடிந்தது. அதே ராத்திரி மீன் பிடிக்கப் போகலாம்.

இங்கேதான் ஃபெவிக்விக் மருத்துவர்களோடு சண்டை. நம் மக்களுக்கு அறுந்த செருப்பிலிருந்து ஒடிந்த கண்ணாடிக் காது வரை எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொட்டுதான். ராடு முனைக்கு அது ஆகாது. நொடியில் இறுகுவதால் வளையத்தைத் திருப்பி நேராக்க நேரமில்லை. கோணலாக ஒட்டியது கோணலாகவே நிற்கும். இறுகிய பசைக்கு வளைகிற குணமில்லை, அதிர்ச்சி தாங்காது. ராடு முனைக்கு வேலையே வளைவதும் அதிர்வதும்தான். எல்லாவற்றையும்விட, அடுத்த தடவை வளையம் மாற்ற வேண்டுமென்றால் கழற்றுவது பெரும்பாடு. சூடு காட்டினால் கண் எரிகிற புகைதான் மிச்சம். எம்-சீலை உருட்டி முனையில் கொழுக்கட்டை பிடிக்கிறவர்கள் கதை இன்னும் மோசம். ரெண்டு நாளில் வளையம் பறந்துவிடும். "பாத்தியா, அன்னிக்கே கடைக்காரர் சொன்னாரு, ரிப்பேர் பண்ணா நிக்காதுன்னு" என்பார்கள். நிற்காதது ரிப்பேர் இல்லை, கொழுக்கட்டை.

உருகும் பசைக்குப் பெருமையே அது மறுபடி உருகும் என்பதில்தான் இருக்கிறது. அடுத்தமுறை ரிப்பேர் பண்ணுகிறவனுக்கு வழிவிட்டு ஒட்டுகிற பசை அது. ராடு கம்பெனிகளும் முனை வளையத்தை மட்டும் நூல் சுற்றி எபாக்ஸி பூசிப் புதைக்காமல், பெரும்பாலும் வெறும் பசையில் செருகி விடுவது ஏன்? அது தேயும், உடையும், மாற்ற வேண்டிவரும் என்று செய்தவனுக்கே தெரியும் என்பதால்தான். செய்தவன் மாற்றுவதற்கென்று விட்ட பாகத்தை, விற்கிறவன் மாற்ற முடியாது என்கிறான்.

எதிர்க்கட்சியின் வாதங்களையும் கேட்க வேண்டும். அவர்களிடம் மூன்று இருக்கின்றன.

"முனையை வெட்டினா சென்சிட்டிவிட்டி போயிடும்." ஏழடி என்றால் 84 அங்குலம். இரண்டு அங்குலம் போனால் 2.4 சதவீதம். முனை கொஞ்சம் விறைப்பாகும், உண்மைதான். ரொம்ப லேசான லூரை வீசுகிறவருக்கு அது கையில் தெரியும். முகத்துவாரத்தில் இரண்டு அவுன்ஸ் ஈயம் கட்டி வீசிவிட்டு, ராடைக் கல்லிடுக்கில் சாய்த்து வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடுகிறவருக்கு எந்த சென்சிட்டிவிட்டி போகப்போகிறது? :) யூட்யூபில் பெரிய பெரிய ராடுகளோடு பேசுகிறவர்கள் சொல்வதை அப்படியே இரவல் வாங்கிக்கொண்டு வந்து பேசுகிறார்கள். நாலைந்து அங்குலத்துக்கு மேல் போனால் ராடின் குணம் மாறத்தான் செய்யும், அதை மறைக்க வேண்டியதில்லை. அப்போதுகூட அது வேறு குணமுள்ள ராடுதானே ஒழிய, குப்பை இல்லை. விரால் பிடிக்கத் தவளை லூர் போடுகிறவர்கள் விறைப்பான ராடைக் காசு கொடுத்துத் தேடுகிறார்கள்.

"வாரண்டி போயிடும்." வாரண்டி என்பது பொதுவாகத் தயாரிப்புக் குறைக்கு. கார் கதவில் நசுங்கியதற்கும் ஃபேனில் அடிபட்டதற்கும் எந்த வாரண்டி இருந்தது, இப்போது போவதற்கு?

"அந்த நேரத்துக்கு வேற வேலை பாத்தா அதவிட சம்பாதிக்கலாம்." இதைச் சொல்கிறவர்கள் கால்மணி நேரம் ரிப்பேருக்குக் கணக்குப் பார்த்துவிட்டு, மீன் கடிக்காத கரையில் ஆறு மணி நேரம் உட்கார்ந்திருப்பவர்கள். அதற்கு மேல் இந்த வாதத்துக்குப் பதில் தேவையில்லை.

கணக்கு என்று வந்துவிட்டதால் கொஞ்சம் பி.காம். பாஷையிலும் பேசலாம். ராடின் விலை 2,000 ரூபாய், ஐந்து வருடம் உழைக்கும் என்று வைத்துக்கொண்டால் வருடத் தேய்மானம் 400. இரண்டு வருடம் முடிந்ததும் முனை ஒடிகிறது. ஏட்டில் அதன் மதிப்பு இன்னும் 1,200 ரூபாய். தூக்கிப் போட்டால் அந்த 1,200 நஷ்டம், கையிலிருந்து புதுசுக்கு 2,000. வளையம், பசை, உப்புத்தாள், கடைக்குப் போகிற பெட்ரோல் எல்லாம் சேர்த்துத் தாராளமாக 150 என்று போட்டாலும் எது லாபம் என்று சொல்ல சி.ஏ. படிக்க வேண்டியதில்லை.

நிறுவனங்கள் சட்டம் 2013-ன் இரண்டாம் அட்டவணை ஒன்று சொல்கிறது. ஒரு சொத்தின் ஏதோவொரு பகுதிக்குக் கணிசமான விலை இருந்து, அதன் உழைக்கும் காலம் மற்ற பகுதிகளிலிருந்து வேறுபட்டால், அந்தப் பகுதியின் ஆயுளைத் தனியாகக் கணக்கிட வேண்டும். அதாவது, ஒரு மெஷின் என்பது ஒரே உயிர் இல்லை, பல ஆயுட்காலங்களின் கூட்டு என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. முனை வளையம் கணிசமான விலை இல்லையே, இந்த விதி இதற்குப் பொருந்தாதே என்று அக்கவுண்டன்ஸி வாத்தியார் மடக்கலாம். மடக்கட்டும். கணிசமே இல்லாத ஒரு பகுதிக்காக முழுச் சொத்தையும் தள்ளுபடி எழுதுவது எந்தப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது என்று அவரே சொல்லட்டும்.

சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கில் 2007-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கோட்டைத் தெளிவாகவே போட்டது. நூற்பாலையின் பழைய ரிங் ஃபிரேமை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்த செலவை வருமான வரிக் கணக்கில் 'நடப்பு ரிப்பேர்' என்று காட்டியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. ரிங் ஃபிரேம் தனியான முழு இயந்திரம், பழையதுக்குப் பதில் புதுசு வைப்பது ரிப்பேர் ஆகாது, இருக்கிற சொத்தைக் காப்பாற்றி வைப்பதுதான் ரிப்பேர் என்பது அதன் சாரம். கோடிக்கணக்கில் புரளும் மில்லுக்கே "புதுசு வாங்குறது ரிப்பேர் இல்ல" என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் தூண்டில் கடையில் மட்டும் "சரி பண்ண முடியுமாண்ணே?" என்று கேட்டால் புது ராடை எடுத்து நீட்டுகிறார்கள்.

கடைக்காரர் பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. வளையம் ஒன்றல்ல. விட்டம் பத்துப் பதினைந்து அளவு, மாடல் நாலைந்து. எல்லாவற்றையும் வாங்கி அடுக்கினால் பாதிக்குமேல் தூசி படிந்து கிடக்கும். ஒரு வளையத்தில் கிடைக்கிற லாபம் ஒரு டீக்குக் காணாது. அந்த வளையத்துக்குப் பொறுமையாக அளவு பார்த்துக் கொடுக்கிற நேரத்தில் ஒரு ராடே விற்றுவிடலாம். வியாபாரமாகப் பார்த்தால் அவர் செய்வது புரிகிறது. ஆனால் "எங்கிட்ட அந்த சைஸ் இல்ல" என்று சொல்வது வேறு, "ராடு போச்சு" என்று சொல்வது வேறு. முதலாவது ஸ்டாக் நிலவரம். இரண்டாவது, தெரிந்தே சொல்லும் பொய்ச் சான்றிதழ். தவிர, கேட்கிறவன் இருந்தால்தானே ஸ்டாக் வைப்பான்? பத்துப் பேர் வந்து "முனை வளையம் இருக்கா?" என்று கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருப்பார். யாரும் கேட்பதில்லை. பொய்யில் பாதி, அதைக் கேட்டுத் தலையாட்டியவனுடையது.

உதிரிபாகம் தராமல் புதுசு தள்ளுவது ராடு வியாபாரத்தில் மட்டும் நடப்பதும் இல்லை. கார் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் கிடைக்கவிடாமல் செய்ததற்காக 2014-ல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் போட்டது (அவர்கள் மேல்முறையீட்டுக்குப் போனது தனிக்கதை). 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டது. அதே வருடம் டிசம்பரில் அதற்கென்று ஒரு இணையதளமும் திறந்தார்கள். எடுத்துக்கொண்ட துறைகள் விவசாயக் கருவிகள், செல்போன்-டேப்லட், வீட்டு உபயோக சாதனங்கள், வாகனங்கள். தூண்டில் ராடு எந்தப் பட்டியலிலும் வராது, வரவும் வேண்டாம். செல்போனைத் திறக்கக் கம்பெனிக்காரன் ஸ்க்ரூவுக்குப் பூட்டுப் போட்டிருக்கிறான், அதனால் உரிமை என்று போராட வேண்டியிருக்கிறது. ராடு முனைக்குப் பூட்டே கிடையாது. திறந்த வீட்டுக்கு வெளியே நின்றுகொண்டு சாவி இல்லை என்று திரும்பிப் போகிறவர்களுக்கு எந்தச் சட்டம் என்ன செய்யும்?

சும்மா ஒரு பொழுதுபோக்குச் சாமானுக்கு இவ்வளவு கோபமா என்று தோன்றலாம். நாலு ராடு வைத்திருப்பவருக்கு ஒன்று போனால் மயிரே போச்சு என்று இருந்துவிடலாம். ஒரே ஒரு ராடு வைத்திருக்கும் பையன்கள் இருக்கிறார்கள். ஓவர்டைம் காசிலும் தீபாவளி போனஸிலும் சேர்த்து வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை முதல் பஸ்ஸில் ராடைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வருகிறவர்கள். அந்த ராடின் முனை பஸ் கதவில் ஒடிந்த அன்றைக்கு, கடையில் அந்த ஒற்றை வாக்கியத்தைக் கேட்டால், அவர்களுக்குப் புதுசு வாங்கும் பேச்சே இல்லை. அவர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் முடிந்தன, அவ்வளவுதான். நூறு ரூபாய்க்குள் முடிகிற விஷயம் என்று சொல்ல அந்தக் கடையில் ஒருவர் வாய் திறக்கவில்லை என்பதற்குத்தான் கோபம்.

தூக்கிப் போடுவதும் சுலபமில்லை. பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்தில்கூட இதற்கு ஒரு பழம் கிடைத்திருக்காது. காயலான் கடைக்காரர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கார்பனோ கண்ணாடியிழையோ, ஒருமுறை ரெசினில் இறுகிய பிறகு பிளாஸ்டிக் குடம் மாதிரி உருக்கி இன்னொன்று வார்க்க முடியாது. மட்காது, உருகாது. குப்பைமேட்டில் அது பாட்டுக்குக் கிடக்கும்.

எல்லா ராடையும் காப்பாற்றலாம் என்று அளக்க வேண்டியதில்லை. கைப்பிடிக்குச் சற்று மேலே, பாரம் முழுக்க விழுகிற இடத்தில் முறிந்தது, நீளவாக்கில் மூங்கில் மாதிரிப் பிளந்தது, கார் டயர் ஏறியது, இதற்கெல்லாம் ஒட்டுப்போட்டு நம்பி வீசினால் வீசும்போதே முகத்துக்கு நேரே தெறிக்கலாம். அதை விட்டுவிட வேண்டியதுதான். மேல் பாதியில் ஒரு அடி தள்ளி ஒடிந்தது நடுத்தரம். ஒடிந்த இரண்டு துண்டும் கையில் இருந்தால் பொள்ளலுக்குள் ஒரு கெட்டியான ஃபைபர் குச்சியைப் பக்கத்துக்கு இரண்டு அங்குலம் போகிற மாதிரி இறுக்கமாகச் செருகி, இரண்டு குப்பியில் வரும் அரால்டைட் மாதிரியான எபாக்ஸி போட்டு, ஒட்டின் மேல் நூலை நெருக்கமாகச் சுற்றி, அதன் மேலும் பூசி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைக்க வேண்டும் (இங்கே எபாக்ஸிதான் சரி, பசைக்குச்சி ஆகாது). ஒட்டிய இடம் விறைப்பாக இருக்கும், பார்க்கவும் முட்டி வீங்கிய மாதிரி இருக்கும். மீன் அதைப் பார்ப்பதில்லை. துண்டு காணாமல் போயிருந்தால், அடுத்த வளையம் இருக்கிற இடம்வரை வெட்டி, அந்த வளையத்தைப் பிரித்துவிட்டு அங்கேயே முனையை வைத்துவிடலாம். ஆறடி ராடு கிடைக்கும். பாலத்துச் சுவரில் நின்று தூண்டில் போட ஆறடி தாராளம்.

உள்ளே செருகும் குச்சிக்கு எங்கே போவது என்பதுதான் எல்லோரும் கேட்கிற கேள்வி. இப்போது வருகிற சில குடைகளில் கம்பிக்குப் பதில் ஃபைபர் குச்சிதான். ஐப்பசி மழையில் காற்று திருப்பிப் போட்ட குடை எல்லார் வீட்டுக் கதவுக்குப் பின்னாலும் ஒன்று இருக்கும். அளவு சேர்ந்தால் அதிலிருந்து ஒரு கை உருவிக்கொள்ளலாம். அது சேரவில்லையென்றால், கடைக்காரர் செத்துவிட்டதாகச் சொல்லி யாரோ பரணில் போட்ட ராடு இருக்கிறதே, அதன் மெலிந்த முனைத் துண்டை எடுத்து உப்புத்தாளில் நாலு தேய் தேய்த்துப் பார்க்க வேண்டும்.